தோணாச் சந்தியில் கை காட்டியது தொடர்பாக

17.01.2025 வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.20 மணி. பெண் பொலிஸ் சார்ஜன் ஒருவரால், தாயார் அருகில் இருக்கப் பதிவு செய்யப்பட்டது.

எனது பெயர் ரதீஸ் விதுர்ஷா. வயது பதினேழு. நாவற்குடாவில் வாவிக்கரைப் பக்கமாக உள்ள ஒழுங்கையில் அப்பா, அம்மாவுடன் வசிக்கிறேன். தரம் பத்தின் நடுவில் பாடசாலையை விட்டு நின்றேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வருவதில்லை. அது தவிர வேறு காரணம் இல்லை. இப்பொழுது தோணாச் சந்திக்கு அப்பால் உள்ள ஒரு தையல்கடையில் பொத்தான் தைக்கும் வேலை செய்கிறேன். எனக்கு எழுத, வாசிக்கத் தெரியும்.

நேற்று நடந்த விபத்து தொடர்பாக எனது அப்பா ரதீஸ் பொலிஸ் காவலில் இருக்கிறார். இன்று பிற்பகல் அவரை நீதவான் முன் கொண்டுபோவதாக எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் முச்சக்கர வண்டிச் சாரதி. சென்ற வருடமும் அவருக்கு வீதி வழக்கு ஒன்று இருந்ததனால், இந்தமுறை அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம் என்று அம்மா பயப்படுகிறார். நேற்று நான் இதே பொலிஸ் நிலையத்தில் சொன்னதில் ஒரு விடயம் சரியில்லை. அதைத் திருத்திச் சொல்வதற்காக இன்று நானாகவே வந்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் பெய்த மழையில் அப்பாவின் வண்டியில் பின்பக்க வலது சிக்னல் லைட் பழுதாகிவிட்டது. வயர் வேலை செய்பவர் பொங்கலுக்காகக் கதிரவெளிக்குப் போயிருந்தார். முச்சக்கர வண்டிச் சாரதியின் வலது கையில்தான் எக்ஸிலேட்டர் இருக்கும், ஆகவே வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் இருப்பவர்தான் கையை வெளியே நீட்ட வேண்டும். அதை நாங்கள் கை போடுவது என்போம், கை காட்டுவது என்றும் சொல்வோம். புதன்கிழமை நான் முழங்கை வரைக்கும்தான் நீட்டினேன். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன மகள், மழை தூறுதா எண்டு பாக்கிறியா? முழுசா நீட்டுகா, பின்னால வாறவனுக்குத் தெரியணும்" என்றார்.

தோணாச் சந்தியில் ஐந்து வீதிகள் சேர்கின்றன. எட்டு மாதங்களுக்கு முன் அங்கே சுற்றுவட்டம் கட்டினார்கள். நடுவில் மரமோ சிலையோ இல்லை, பதிந்த சிமெந்து வட்டம் மாத்திரம் உள்ளது. ஊரில் அதைத் தோசைக்கல் என்பார்கள். வலப்பக்கம் திரும்புபவர்கள் வட்டத்தை ஒட்டிய உள்கோட்டில் வர வேண்டும் என்று அறிவித்தல் பலகை உண்டு. பலகை வாகை மரத்துக்குப் பின்னால் இருப்பதால் கிட்டப் போன பிறகுதான் தெரியும். ஆகையால் எல்லோரும் வெளிக்கோட்டில் வந்து, கடைசி நேரத்தில் உள்ளே வெட்டுவார்கள். வட்டத்துக்குள் நிற்பவர் முதலில் போவதா, வெளியிலிருந்து வருபவர் போவதா என்பதும் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒருவர் மற்றவரைப் பார்த்து, நீ போ என்று கையை முன்னால் வீசிக் காட்டினால்தான் அந்தச் சந்தியில் வாகனம் நகரும். இதையும் கை காட்டுவது என்றுதான் சொல்வோம்.

நேற்றுக் காலை 7.10 மணியளவில் அப்பாவும் நானும் தையல்கடைக்குப் போக வீட்டிலிருந்து புறப்பட்டோம். அதன் பின்னர் பிரதான வீதியால் காத்தான்குடிப் பக்கமாக வந்து, தோணாச் சந்திக்குச் சற்று முன்னால் வெளிக்கோட்டில் நின்றோம். முன்னால் மீன் வான் ஒன்று வட்டத்தின் வாயில் நின்றது. அப்பா தலையை வெளியே நீட்டி, "அண்ணன், நீங்க போறீங்களா, இல்லாட்டி இஞ்சயே மீனக் கொட்டி விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். வான்காரர், "எந்தப் பக்கத்தால போறண்டு நீ சொல்லு தம்பி, போறன்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அதன் பின்னர் வான் போனது. அப்பா, "இப்ப கை போடு மகள்" என்றார். நான் வலது கையை வண்டியின் பக்கக் கம்பிக்கு மேலால் தோள்வரை வெளியே நீட்டினேன்.

அந்த நேரம் பாதசாரிக் கடவையில் என்னுடன் படித்த மூன்று பேர் வெள்ளைச் சீருடையுடன் நின்றார்கள். நான் பாடசாலையை விட்ட பிறகு அவர்களைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போய்விடுவேன். அவர்களில் ஹேமலோஜினி என்பவர் என்னைக் கண்டு, "ஏய் விதுர்ஷா, ஒத்தக் கையால பறக்கப் போறியாகா?" என்று சத்தமாகக் கேட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் பேசுவார். நான் உடனே கையை எடுத்தேன்.

எப்படி எடுத்தேன் என்று கேட்கப்பட்டதனால் சொல்கிறேன். பின்பக்கம் மழைத்திரை கட்டியிருந்தபடியால் கையை நேராக இழுக்க முடியாது. நீட்டிய கையை முன்பக்கமாகக் கொண்டுபோய், கம்பியைச் சுற்றித்தான் உள்ளே எடுக்கலாம். அவசரத்தில் வீசித்தான் எடுத்தேன். விரல்கள் விரிந்திருந்தன.

அதன் பின்னர் வேறு யாரும் பார்த்தார்களா என்று திரையின் ஓரத்தால் பின்னால் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் துணிப் பொதி கட்டிய ஒருவர் மிகக் கிட்ட வந்துகொண்டிருந்தார். அவர் எனது முகத்தைப் பார்த்து, நன்றி சொல்வதைப் போல ஒருமுறை தலையை ஆட்டினார். அதன் பின்னர் வேகத்தைக் கூட்டி எங்களது வலப்பக்கத்தால் முன்னேறினார். அவர் ஏன் தலையை ஆட்டினார் என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிவிட்டது. அப்பா வண்டியை வலப்பக்கம் எடுக்கப் போகிறார் என்பதும் தெரியும். "அப்பா, நில்லுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூன்று வினாடி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம்.

வண்டியின் முன்சில்லு மோட்டார் சைக்கிளில் பட்டது. அவர் சுற்றுவட்டத்தின் சிமெந்துக் கட்டோடு மோதி விழுந்தார். அவரது வலது கால் கட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் அகப்பட்டது. பொதி ஒன்று அவிழ்ந்து, சிறு பிள்ளைகளின் சட்டைகள் வட்டத்தின் மேல் கிடந்தன. ஆட்கள் கூடி, சிக்னல் இல்லாமல் வெட்டியதாக அப்பாவை ஏசினார்கள். அப்பா, "மகள் கை காட்டிக்கிட்டுத்தான் வந்தவ. கேட்டுப் பாருங்க" என்று சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "ஓம்" என்றேன். பின்னர் பொலிஸார் கேட்டபோதும், "ஓம்" என்றேன். அது மாத்திரம்தான் சொன்னேன்.

காயப்பட்டவரின் பெயர் நளீர் என்றும், வீடு வீடாகத் துணி விற்பவர் என்றும் பின்னர் அறிந்தேன். மாலை அம்மாவும் நானும் வைத்தியசாலைக்குப் போனோம். அவருக்கு இரண்டு இடங்களில் கால் முறிந்து, சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியில் அவரது மனைவி நஸீபா இருந்தார். அம்மா நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் எழும்பி நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீயா மகள் கை காட்டின புள்ள? எங்கட ஆள் ஒரே சொல்லுதான் சொல்றாரு, அந்தப் புள்ள கை காட்டித்தான் நான் போனன், புள்ளக்கிட்டக் கேளுங்க, அது பொய் சொல்லாது எண்டு. பொலிஸ்ல ஒருத்தரும் அவர நம்பல்ல. கண்மூடித்தனமா பூந்தாராம்" என்றார். அம்மா, "அவ சிக்னலுக்குத்தான் கை போட்டவ" என்றார். நஸீபா, "அப்ப இவரு விசரனா? முப்பது வருஷமா சைக்கிள் ஓடுற மனிசன்" என்றார். அதன் பின்னர் அவர் தனது சாப்பாட்டுப் பெட்டியை நகர்த்தி அம்மாவுக்கு இருக்க இடம் விட்டார்.

இன்று காலை அப்பாவுடன் ஒரே தரிப்பிடத்தில் முச்சக்கர வண்டி ஓடும் நிலோஜன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். "நீ ஒண்டும் புதுசாச் சொல்ல வேணாம் புள்ள. அப்பனும் கை காட்டினதெண்டு சொல்றான், அந்தாளும் கை காட்டினதெண்டு சொல்றார். ரெண்டு பேரும் ஒண்டத்தான சொல்றாங்க. நீயும் அதையே சொல்லிப்போட்டு வா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அப்பா சொன்ன கை வேறு, நளீர் சொன்ன கை வேறு.

கேள்வி: நீர் நளீரைப் போகும்படி கை காட்டினீரா?

பதில்: இல்லை. கையை எடுக்கும் வரைக்கும் அவர் வருவதே எனக்குத் தெரியாது. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும் எவருக்கும், போகச் சொல்வது போலத்தான் இருந்திருக்கும். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

கேள்வி: வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உமது கை வெளியே இருந்ததா?

பதில்: இருக்கவில்லை.

கேள்வி: அது தகப்பனாருக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது. அவர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வெளியே இருக்கிறது என்று நம்பித்தான் திருப்பினார். இன்றுவரைக்கும் அப்படித்தான் நம்புகிறார். நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்றால், காட்டுவதற்கு முன் என்னை ஒருமுறை அவரிடம் விடும்படி கேட்கிறேன்.

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டு, "மிஸ், இப்பிடி எழுதினா அவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். அதை நீதவான்தான் தீர்மானிப்பார் என்று பதில் சொல்லப்பட்டது. அம்மா, "இவளுக்கு?" என்று கேட்டார். அதற்கும் அதே பதில் சொல்லப்பட்டது. அதன் பின்னர் அம்மா எனது பக்கம் திரும்பி, "நாளைக்கு அவர் என்னத்த ஓடுவார், யோசிச்சியா?" என்று கேட்டார். யோசித்தேன் என்று சொன்னேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டியபோது, கையை எடுத்தேன் என்று நான் சொன்ன இடத்தில் ‘கை காட்டினேன்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தும்படி கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று சார்ஜன் கேட்டார். ஒன்றில்லை என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லும்படி சொன்னார். மீண்டும் சொன்னேன். அந்தச் சொல் வெட்டப்பட்டு, ஓரத்தில் எனது முதல் எழுத்து இடப்பட்டுள்ளது.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததுமாகும். ஒருவரும் என்னைப் பயப்படுத்தியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. வாசிக்கக் கேட்டு, விளங்கி, உண்மையென ஏற்று ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: ர. விதுர்ஷா

தாயார் ஒப்பம்: ர. அஜந்தா
(தாயாரின் வேண்டுகோளின்படி மேலும் இரு தடவைகள் வாசித்துக் காட்டப்பட்டது. அதன் பின்னர் ஒப்பமிட்டார். நேரம் 12.05.)