கேமரன் மலையில் கோழி சூப்

கிள்ளான் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த புருசனும் பெண்சாதியும் சனி ஞாயிறு கேமரன் மலைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அங்க ஐயாயிரம் அடி உயரம் லா. அந்தக் குளிருக்கு ஒரு கோழி சூப்பாவது வேணும்," என்றார் அவர்.

"என்னங்க, புரட்டாசி மாசம். விரதம்."

"விரதமெல்லாம் கீழ இருக்கிறவங்களுக்கு. மேல போனா உடம்பு தாங்காது."

"சாமி குத்தம்."

"என்ன குத்தம்? பெருமாளே மலையிலதான இருக்காரு? குளிரு அவருக்குத் தெரியாதா?"

"தெரியுமே. அந்தக் குளிருல அவரு லட்டுதான சாப்பிடறாரு? உங்களுக்கும் ஒரு டப்பா லட்டு கட்டித் தரேன்."

பக்கத்து சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். புருசன் போனை எடுத்துத் தடவினார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "புரட்டாசி முடியட்டும், அப்புறம் போவோம் லா. இப்ப அங்க மழையாம்."