சேத்து டயரும் சூடான டீயும்

அதத் தொடாதீங்க சார், கை கருப்பாயிடும்! ...ஆங், ஆயிடுச்சா? இந்தாங்க, தொடச்சுக்குங்க. அந்த டயர தடவிப் பாக்காத ஆம்பளையே இந்தக் கடைக்கு வர்றதில்ல போல. நானும் காலைலேருந்து பாக்குறேன். உள்ள நுழையறாங்க, நேரா அதுகிட்டப் போறாங்க, யானைக்குட்டிய தடவுற மாதிரி தடவுறாங்க, அப்புறம்தான் பஞ்சர்னு வாயத் திறக்குறாங்க.

உக்காருங்க, உக்காருங்க. உங்களுது பஞ்சர் ஒட்டணும், நேரமாகும். அதோ மேல நிக்குது பாருங்க, நாலு காலையும் தொங்கப் போட்டுக்கிட்டு, அது எங்க வண்டி. எங்க வண்டின்னா எங்க வீட்டுக்காரர் வண்டி. பிக்கப்பு. அதுல மாட்டியிருக்கறதும் நீங்க தடவுன அதே சேத்து டயர்தான். போர்டுல என்ன எழுதியிருக்கு பாத்தீங்களா? 'முரட்டுப் பாதைகளின் அரசன்.' ஒத்துக்குறேன், ஒற்றெழுத்த விடாம எழுதியிருக்காங்க, அதுக்கே பாராட்டணும். ஆனா எங்க அரசர் போற பாதை எது தெரியுமா? வீட்லேருந்து கடை, கடைலேருந்து வீடு. தார் ரோடு சார்! நடுவுல வெள்ளக் கோடு, ஓரத்துல பூச்செடி.

என்ன கடையா? மூக்குக்கண்ணாடிக் கடை. ...சிரிங்க, நல்லா சிரிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பின்னாடி அவ்ளோ பெரிய தொட்டி இருக்கே, அதுல ஏறுற சரக்கு என்னங்கறீங்க? ரெண்டு அட்டைப்பெட்டி ஃபிரேமு. எங்க வீட்டுப் பூனை அதவிட கனம்.

சேறா? ஏன், பாத்திருக்காரே! கடை வாசல்ல குழாய் பதிக்கிறோம்னு தோண்டி, மண்ணக் குமிச்சு வச்சிருந்தாங்க. சுத்திப் போக தாராளமா எடம் இருக்கு. எல்லாரும் சுத்தித்தான் போறாங்க. இவரு மட்டும் கண்ணாடியக் கழட்டி, தொடச்சு, மாட்டிக்கிட்டு, அது மேல ஏத்தி இறக்குனாரு. அதுக்கு ஃபோட்டோ வேற! அந்த ஃபோட்டோ இப்ப கடைல மாட்டியிருக்கு. கண்ணு டெஸ்ட் பண்றதுக்கு எழுத்துப் பலகை இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல. வர்றவங்க எழுத்தப் படிக்கறதுக்கு முன்னாடி 'இது எந்த மலை சார்?'னு கேக்கணும். கேக்கலன்னா பவர் கூடிடுச்சுன்னு அர்த்தம்.

நான் எங்க வேலை பாக்குறேன்னு நீங்க கேக்கலையே? நூலகத்துல. 'சத்தம் போடாதீங்க'ன்னு சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குறவ. எனக்கு வாய்ச்சது இது! ஒருநாள் என்னக் கூட்டிட்டுப் போக வந்தாரு. வாசலுக்கு வரல சார், தெருக்கோடில திரும்பும்போதே ஆரம்பிச்சிடுச்சு. ஊஊஊன்னு... அந்த டயர்ல கட்டை கட்டையா இருக்கு பாருங்க, நடுவுல விரல் நுழையற பள்ளம், அது சேத்துல போனா சேத்த வழிச்சு வெளிய தள்ளுமாம். தார்ல போனா? ஊளைதான். படிச்சிட்டிருந்த அத்தன பேரும் தலையத் தூக்குனாங்க. தூங்கறதுக்குன்னே தினமும் வர்ற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவரு எந்திரிச்சுப் போயி ஜன்னல மூடிட்டு வந்து மறுபடியும் தூங்குனாரு. நான் என்ன பண்ணேன்? 'யார் வண்டியோ, கொஞ்சங்கூட அறிவில்ல'ன்னு எல்லாரோடயும் சேந்து தலைய ஆட்டுனேன்.

சரி, சத்தந்தானேன்னு விட்டுட்டேன். ஆனா போன வாரம் மழைல... சிக்னல்ல முன்னாடி ஒரு பஸ்ஸு. இவரு பிரேக்க மிதிக்கிறாரு. மிதிச்சுக்கிட்டே இருக்காரு. வண்டி போய்க்கிட்டே இருக்கு! ஈரத் தார்ல அந்தக் கட்டைங்களுக்குப் பிடிமானம் பத்தாதாம், அத இன்னிக்குத்தான் சொல்றாரு இந்தக் கடை மாஸ்டர். பஸ்ஸு பின்னாடி ஒட்டியிருந்த விளம்பரத்த நான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன் சார். பொடி எழுத்து. அவ்ளோ கிட்ட. ஒருவழியா நின்னுச்சு. இவரு என்ன சொல்றாரு? 'பாத்தியா, நின்னுச்சுல்ல?'

நான் பேசல. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. நான் பேச்ச நிறுத்துறதுன்னா எங்க வீட்ல அது கரண்ட் போன மாதிரி. மனுஷன் ஆடிப்போயிட்டாரு. 'சரி தாயே, நீயே போயி எது வேணுமோ மாட்டிட்டு வா. ஆனா அதுக்கப்புறம் டயரப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது'ன்னு சாவியக் கைல குடுத்துட்டாரு.

ஜெயிச்சுட்டேன்ல? அப்ப ஏன் இங்கயே உக்காந்திருக்கேன்னு கேளுங்க. மாஸ்டரும் வந்து வந்து கேட்டுட்டுப் போறாரு, எத மாட்டணும்னு. சொல்ல வாய் வரல சார். ஏன்னா... சரி, சொல்லிடறேன், உங்கள நான் இனிமே எங்க பாக்கப் போறேன்.

எங்க தெரு முக்குல ஒரு பெரிய மதில். அதுக்கு முன்னாடி ஒரு பாலம். நூலகம் முடிஞ்சு நான் முன்னாடியே வீட்டுக்கு வந்துடுவேன். இவரு வண்டி அந்தப் பாலத்துல ஏறும்போதே எங்க சமையக்கட்டுக்கு ஊஊன்னு கேக்கும். கேட்டதும் அடுப்பப் பத்த வைப்பேன். பால் பொங்கி, தூள் போட்டு, வடிகட்டி... இவரு அந்தப் பெரிய வண்டிய எங்க வீட்டு சின்ன கேட்டுக்குள்ள முன்ன பின்ன நகத்தி நுழைச்சு, செருப்பக் கழட்டி உள்ள வர்றதுக்கும், நான் டம்ளர நீட்டறதுக்கும் சரியா இருக்கும். ஆவி பறக்க!

அவருக்கு இது தெரியாது. ஜன்னல ஏத்திட்டு பாட்டப் போட்டுக்கிட்டு வர்றவருக்கு வெளிய எவ்ளோ தூரம் கேக்குதுன்னு எப்படித் தெரியும்? அவரு என்ன நெனச்சிட்டிருக்காருங்கறீங்க? மனப்பொருத்தம்! 'நான் ஒருநாள் சீக்கிரம் வருவேன், ஒருநாள் லேட்டா வருவேன், என்னிக்கு வந்தாலும் டீ தயார். அவளுக்கு மனசுலயே தெரிஞ்சிடும்'னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றாரு. லென்ஸ மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே சொல்றாராம்! என் நாத்தனார் வீட்டுக்காரர் அதக் கேட்டுட்டுப் போயி, 'உனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?'னு அவகிட்ட சண்ட. அவ எனக்கு ஃபோன் போட்டு, 'எப்படி அண்ணி?'ங்கறா. நான் என்ன சொல்றது? 'அதெல்லாம் தானா வரணும்'னேன்.

இப்ப சத்தமில்லாத டயர மாட்டுனா? நாளைக்கு சாயங்காலம் மனப்பொருத்தம் போச்சு. டயரோடயே போச்சு.

வாங்க மாஸ்டர், உங்களத்தான் நெனச்சேன். இந்த ரோடு டயரு சத்தம் போடாதா? ...சுத்தமாப் போடாதா. ஓ. அப்ப இந்த ரெண்டுங்கெட்டான் டயரு? அதான், பாதி தாருக்கு, பாதி மண்ணுக்குன்னீங்களே... மழைல நல்லாப் பிடிக்குமா? சரி. சத்தம்? ...அதுலயும் இருக்காதா? கொஞ்சங்கூடவா? ...ஐயோ, பயப்படல மாஸ்டர், எனக்கு சத்தம் வேணும்! ஏன் அப்படி முழிக்கிறீங்க? வழுக்கக் கூடாது, ஆனா பாலத்துல ஏறும்போது சமையக்கட்டுக்குக் கேக்கணும். அப்படி ஒண்ணு இருந்தா எடுங்க. ...தேயத் தேய சத்தம் வருமா? எப்ப தேயும்? ...வருஷக் கணக்காகுமா! அதுவரைக்கும் அவரு ஆறின டீயக் குடிப்பாரா?

சார், உங்க வண்டில என்ன டயரு? இந்த ரெண்டுங்கெட்டான்தானா? பஞ்சர் ஒட்டியாச்சுல்ல? அப்ப ஒரே ஒரு உதவி. எப்படியும் அந்தப் பெட்ரோல் பங்க் வழியாத்தானே போவீங்க? நீங்க பாட்டுக்குப் போங்க, அது வரைக்கும் நான் இங்கேருந்து கண்ண மூடிக்கிட்டு கேக்குறேன். ...சங்கடமெல்லாம் எதுக்கு சார், போற வழிதானே! மாஸ்டர், அந்தக் காத்தடிக்கிற மெஷின நிறுத்துங்க. அங்க யாரு ஸ்பானரப் போட்டது? சத்தம் போடாதீங்கப்பா! ஸ்ஸ்ஸ்...

...

மாஸ்டர், அவரு ஏன் இன்னும் கிளம்பல?

...போயிட்டாரா? எப்போ?

கைய வேற ஆட்டிட்டுப் போனாரா. பாத்தீங்களா? இதத்தான்... இதத்தான் நான் சொன்னேன்.

சரி, அதையே மாட்டுங்க மாஸ்டர். ஆமா, நாலும். டீ ஆறினா சுட வச்சுக்கலாம். குடிக்க ஆள் வீடு வந்து சேரணும்ல. அந்த பஸ்ஸு விளம்பரம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

...இருங்க, இருங்க! நீங்க ஹாரன் மாட்டுவீங்களா? அந்த வண்டில ஹாரன் செத்து ரொம்ப நாளாச்சு. கேட்டா, 'என் வண்டியப் பாத்தாலே ஒதுங்கிடுவாங்க'ம்பாரு. எங்க தெரு முக்குல மதில் மறைக்குது மாஸ்டர், எதிர்ல வர்றது தெரியாது. அங்க ஹாரன் அடிச்சே ஆகணும். பாதுகாப்பு! இத யாரு வேணாம்னு சொல்ல முடியும்? டயரப் பத்திதானே வாயத் திறக்கக் கூடாது?

இதுவா? இது என்ன, பூனைக்குட்டி கத்துற மாதிரி. லாரிக்கு மாட்டறது காட்டுங்க.

நூலகத்துக்கா? அங்க அவரு வர வேணாம். நான் நடந்தே வந்துக்குறேன்.