பரந்தன் சந்தியில் என்ர முகம்

— சிரிக்காதீங்கோ அர்ஷாக் நானா. நான் பகிடிக்கு வரேல்லை. பரந்தன் சந்தியில தொங்குற என்ர முகத்தை இண்டைக்கு இறக்கோணும்.

— சிரிக்கல்ல தங்கச்சி. என்ட மூஞ்சே இப்பிடித்தான். முதல்ல இந்தக் கதிரையில உக்காருங்க. சுமித்திராதானே பேரு?

— பேர் ஒருத்தருக்கும் தெரியாது. பொன்வயல் கடைப் பிள்ளை எண்டால் எல்லாருக்கும் தெரியும். கிளிநொச்சியில இருந்து மாங்குளம் மட்டும் அப்பிடிச் சொல்லித்தானே திட்டுதுகள்.

— கடை மூடி எவ்வளவு காலமாச்சு. இன்னுமா திட்டுறாங்க?

— ஏழு கடையும் ஒரே விடியக்காலமை பூட்டுப் போட்டுக் கிடந்தது. வேலைக்கு வந்த நாங்களும் ரோட்டில, சாமான் வாங்க வந்த சனமும் ரோட்டில. முதலாளி கொழும்பில. சனத்துக்கு முதலாளியைத் தெரியுமோ? என்னைத்தான் தெரியும். இருபது அடி உயரத்தில பல்லைக் காட்டிக்கொண்டு, அரிசிப் பையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கீழ எழுதியிருக்கு, 'உங்கட வீட்டுக் கடை' எண்டு.

— அந்த பனரை நான்தான் அடிச்சன்.

— தெரியும். அதுதான் உங்களிட்ட வந்தனான்.

— பொங்கல் காட் கட்டின காசுதானே சனத்துக்குக் கோபம்?

— ஓம். மாசாமாசம் கட்டினாப் பொங்கலுக்கு வீடு நிறையச் சாமான் எண்டு கவுண்டரில இருந்து சொன்னது நான். சொல்லச் சொன்னாங்கள், சொன்னனான். எல்லாரும் என்ர கையிலதான் குடுத்தவை. என்ர அம்மாவும்.

— அப்ப கோபம் வரத்தானே செய்யும்.

— வரட்டும். எனக்கும் வருது. இப்ப இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுத்துத்தான் எங்கட சீவியம். நேற்றுத் தேத்தண்ணிக் கடை வடிவம்மாக்கா பெட்டியை அப்பிடியே திருப்பித் தந்திட்டா. 'உன்ர படம் என்ர கடைக்கு நேர எதிர நிக்குது. சனம் அதைப் பார்க்குது, பிறகு இடியப்பத்தைப் பார்க்குது. அது இறங்கினாப் பிறகு வா' எண்டா.

— பாவம்தான். எங்கட மஸீனாவும் நோன்புக் காட் கட்டினவ.

— தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து உங்கட மனிசி காறித் துப்பினதை நான் பஸ்ஸுக்க இருந்து பார்த்தனான்.

— அல்லாவே. அவ உங்களுக்கெண்டு துப்பல்ல தங்கச்சி.

— வேற ஆருக்கு? அங்க வேற ஆற்ர முகம் இருக்கு?

— நியாயம்தான். ஆனா நான் பிரிண்டர்காரன். குடுக்கிறத அடிக்கிறன், சொல்ற இடத்தில கட்டுறன். அந்த ஃப்ரேம் அவங்கட. அவங்க சொல்லாம நான் கை வச்சா...

— ஆர் அவங்கள்? பூட்டின கடைக்கு ஆர் இருக்கினம்? கம்பனி நம்பருக்கு எடுத்தா அந்த நம்பர் பாவனையில இல்லை எண்டு ஒரு பொம்பிளை மூண்டு பாசையில சொல்லுறா.

— வீட்ட போங்க. நான் பார்த்துச் செய்றன்.

— ஏன் அந்த மெசினை மறைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?

— மறைக்கல்ல. ஃபேன் காத்துக்கு நிக்கிறன்.

— ஃபேன் இந்தப் பக்கம்.

— தங்கச்சி, நல்ல மாதிரிச் சொல்றன்...

— ஃபோன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— சிவராசா சேர் எண்டு விழுது. எங்கட ஏரியா மனேஜர். மூடின கடையின்ர மனேஜர் உங்களுக்கு ஏன் எடுக்கிறார்? எடுங்கோ நானா. ஸ்பீக்கரில போடுங்கோ. இல்லாட்டி நான் எடுப்பன்.

— ஹலோ. சொல்லுங்க சிவராசா சேர்.

— அர்ஷாக், பனர் முடிஞ்சுதோ? நாளைக்கு விடியமுதல் பரந்தனில ஏறோணும், விளங்குதோ? பத்து மணிக்குப் பசுங்கதிர் மார்ட் திறப்பு. பழசைக் கழட்டிப்போட்டு அதே ஃப்ரேமில கட்டும்.

— ஓம் சேர். அந்தப் படம்தான்...

— படம் அதேதான். பேரையும் நிறத்தையும் மாத்தினாக் காணும். அந்தப் பிள்ளை நல்லாச் சிரிக்குது. சனத்துக்கும் பழகின முகம்.

— ஓம் சேர். துப்பிப் பழகின முகம்.

— ஆர் அது?

— சுமித்திரா. பரந்தன் கிளை, ரெண்டாம் கவுண்டர்.

— ஓ, பிள்ளையோ! எப்பிடிச் சுகம்?

— என்ர சுகத்தை விடுங்கோ சேர். பசுங்கதிர் ஆற்ர கடை?

— அது வேற கம்பனி, விளங்குதோ? பொன்வயல் முறிஞ்சு போச்சு. சட்டப்படி மூடியாச்சு. இது முதலாளியின்ர மனிசியின்ர பேரில புதுப் பதிவு. ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

— அப்ப சனம் காட் கட்டின காசு?

— அது பழைய கம்பனியோட போச்சு. வேணுமெண்டால் வழக்குப் போடலாம்.

— கட்டடம் அதே கட்டடம். நீங்களும் அதே சேர். முதலாளியும் அதே முதலாளி. ஆனாத் தொடர்பு இல்லை. என்ர முகம் மட்டும் ரெண்டு கம்பனிக்கும் சொந்தமோ?

— கத்தாதையும் பிள்ளை. ஆறுதலா யோசியும். நாளைக்கு வாரும், பழைய கவுண்டரையே தாறன்.

— என்ன வேலை?

— அதே வேலைதான். புதுக் காட் ஒண்டு வருது, சித்திரைக் காட். சனத்துக்கு உம்மைத் தெரியும்தானே.

— தெரியும் சேர். நல்லாத் தெரியும்.

— அர்ஷாக், நிக்கிறீரோ? விடியமுதல், விளங்குதோ? முதலாளியின்ர படம் ஒண்டும் வேண்டாம். முந்திச் சொன்ன மாதிரியே. வைக்கிறன்.

— தங்கச்சி... அவர் வேலை தாறன் எண்டாரே. இடியப்பத்தை விட நல்லம்தானே?

— முதல் தரம் தெரியாமல் சிரிச்சனான் நானா. இனித் தெரிஞ்சுகொண்டு சிரிச்சா, சனம் திட்டுறது சரியாப் போயிடும். முந்தி என்ன சொன்னவர்?

— ஆரு?

— முந்திச் சொன்ன மாதிரி எண்டாரே. முதலாளி என்ன சொன்னவர்?

— அது பழைய கதை.

— நானா.

— முதல் கடை திறந்த அண்டைக்கு எடுத்த படம் அது. நீங்களும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் பையைப் பிடிச்சு நிண்டீங்க. பிறகு முதலாளி இங்க வந்து, இந்தக் கதிரையிலதான் இருந்து, தன்னை வெட்டச் சொன்னாரு. 'பிள்ளை மட்டும் போதும். நாளைக்கு ஒண்டு நடந்தா என்ட முகம் ரோட்டில நிக்கக் கூடாது' எண்டாரு. பகிடி எண்டு நினைச்சு நானும் சிரிச்சிட்டு வெட்டினன்.

— திறந்த அண்டைக்கே.

— ஓம்.

— அந்த பனருக்குக் கீழ நிண்டு நான் செல்பி எடுத்தனான் நானா. கண்ணூறு பட்டிடும் எண்டு அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி அடுப்பில போட்டவா. பையின்ர ஓரத்தில மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் தெரியும். அது என்ர புருசன்ர கை எண்டு சனம் நினைச்சுது, கலியாணமே கட்டாத எனக்கு.

— அத மட்டும் வெட்ட ஏலாமப் போச்சு. வெட்டினா பையும் போயிரும்.

— முழுப் படம் கொம்பியூட்டரில இருக்கோ?

— இருக்கு. ஆனா...

— திறவுங்கோ.

— இதால எனக்கு ஊரில இனி ஒரு ஓடரும் வராது. அகதியாப் போன புத்தளத்தில இருந்து திரும்பி வந்து இந்தக் கடையைப் போட நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்.

— என்னை இருபது அடிக்கு அடிக்கேக்க என்னட்டக் கேட்டனீங்களோ?

— அவங்க குடுத்தாங்க, நான் அடிச்சன்.

— நீங்கள் அவங்கள் குடுத்ததை அடிச்சனீங்கள். சிவராசா சேர் சொன்னதைச் செய்தவர். நான் அவங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னனான். எல்லாரும் வேலைதான் செய்தம். அப்ப களவு தன்பாட்டில நடந்ததோ?

— தள்ளுங்க, மௌஸை எடுக்க. இந்தா. இதான் முழுப் படம்.

— நல்லாச் சிரிக்கிறார்.

— உங்களை விட நல்லா.

— ஃப்ரேமில ஆர் ஏறுவினம்?

— என்ட பொடியன்மார்தான். ஏறச் சொல்லி அவங்களே சொல்லிட்டாங்க, அதில பிரச்சினை இல்ல. என்ன எழுதுறது?

— ரெண்டு கடையின்ர பேரும். பழசும் புதுசும். நடுவில முதலாளியின்ர பேர். வேற ஒரு சொல்லும் வேண்டாம். பொய் ஒண்டும் எழுதாதீங்கோ.

— மஸீனா நாளைக்கு பஸ்ஸை நிப்பாட்டி இறங்கித் துப்புவா.

— துப்பட்டும். இந்த முறை சரியான ஆளுக்கு.

— சரி. நான் பிரிண்டர்காரன், குடுக்கிறத அடிக்கிறன். சிவராசா சேர் கேட்டாலும் இதத்தான் சொல்லுவன். ரெண்டு பேரையும் முழுசாப் போடவா?

— இல்லை நானா. இப்ப என்னை வெட்டுங்கோ. காசு வாங்கினது நான்தானே, பையின்ர ஓரத்தில என்ர கை மட்டும் நிக்கட்டும்.