பதினொரு நாள் சிக்னல் இல்லை

வைஃபை எடுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் கம்பியூட்டரைத்தான் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் அதில் இருக்காது. அலை பரப்பும் பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறோம், நடுவில் என்ன நிற்கிறது என்று பார்த்தால் போதும், ஐயா. நீங்கள் கேட்டதற்குப் பதிலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

2009இல், போர் முடிந்த கையோடு, வவுனியா நெளுக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். ஒரு கோடியில் காயப்பட்டவர்களின் கொட்டகை, மறுகோடியில் பதிவு அறை, நடுவில் முள்வேலி. கொட்டகையில் தாதி பத்மாசனி கம்பியூட்டரில் அடிக்கும் பெயர்கள் வயர்லெஸில் பதிவு அறைக்கு வரும். அங்கே சுகந்தினி அவற்றை உரத்து வாசிப்பாள். உறவுகளைத் தேடி வந்த சனம் வெளியே நின்று கேட்கும். அந்த இணைப்பைப் போட்டவன் நான். வேலியைக் கடக்க எனக்குப் பாஸ் இருந்தது.

சுகந்தினி கனகராயன்குளத்துக்காரி. அவள் முதலே வவுனியாவுக்கு வந்துவிட்டாள். கணவன் சங்கிலி சண்டை நடந்த பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டான். நான் அவளை விரும்பினேன். கேட்டபோது, "அவர் இல்லையெண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்ல, சுமன்?" என்றாள். அதை நான் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் நாலாம் திகதி பத்மாசனியின் மேசையில் இன்னும் அனுப்பாத அன்றைய பட்டியலைப் பார்த்தேன். சங்கிலி, கனகராயன்குளம், மனைவி சுகந்தினி. தொடையில் செல் குண்டின் துண்டு, காயம் பழுத்திருந்தது.

"சொந்தக்காரர் ஆராவது வந்து கையெழுத்து வைச்சால் உடனை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம்," என்றார் பத்மாசனி.

அன்று மத்தியானமே பெட்டியைக் கம்பத்திலிருந்து கழற்றித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மாட்டினேன். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். தாங்கி வடிந்த பின்னேரங்களில் கொஞ்சம் சிக்னல் எடுத்தது. அதனால் பக்கத்து அலுவலகப் பெட்டி ஓடுகிற அதே சனலுக்கு, அதே அலைவரிசைக்கு, இதையும் மாற்றிவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று குழப்பின, பிறகு ஒன்றும் போகவில்லை. இராணுவத்தின் றேடியோதான் குழப்புகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை.

"பேரெல்லாம் கடுதாசியில எழுதித் தாறன், கையோட கொண்டுபோய்க் குடுங்கோ," என்றார் பத்மாசனி. தினமும் வாங்கினேன். கொடுக்கவில்லை. ஒரு பெயரை மட்டும் வெட்டியிருந்தால் எண்ணிக்கையில் பிடிபட்டிருக்கும்.

சங்கிலி ஒருநாள் என்னைக் கூப்பிட்டான். "தம்பி, என்ர பேர் அங்கால போயிட்டுதோ?"

"ஓம் அண்ணை, போயிட்டுது."

"அப்ப ஏன் அவள் வரேல்லை?"

"சரியான சனம். வருவா."

அவனுடன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். தண்ணீர்கூடக் குடிக்கக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் காலையில் அவன் செத்துப்போனான். பின்னேரமே பெட்டியைக் கம்பத்தில் திரும்ப மாட்டி, சனலையும் மாற்றினேன். தேங்கிக் கிடந்த பட்டியல்கள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. நான் பதிவு அறை வாசலில் நின்றேன். சுகந்தினி இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள். அவன் பெயரையும் அதே குரலில் வாசித்தாள். அடுத்த பெயரையும், அதற்கடுத்ததையும். கடைசிப் பெயர்வரை வாசித்துவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. துக்கம் ஆறக் காலம் எடுக்கும், நான் அவசரப்படுத்தவில்லை.

செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு நாளில் கையெழுத்துக்குக் காத்திருந்து வேறு பத்தொன்பது பேரும் செத்தார்கள் என்று அதையும் என் தலையில் போடுகிறீர்கள். அது நியாயமில்லை, ஐயா. அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.