பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

— கிளவுட்ல மாட்டிக்கிடுச்சுன்னா? அண்ணாச்சி, செத்த பிள்ளையோட அம்மாட்ட நெசமாவே அப்படியா சொன்னிய?

— கத்தாதட்டி ஜாய்லின். வெளிய ரத்தம் குடுக்க ஆளு உக்காந்திருக்கு, கேட்டியா? இசக்கிராஜா லேபுன்னு சங்கரன்கோவில்ல ஒரு பேரு இருக்கு. அதைக் கெடுத்திராத.

— சொன்னியளா, இல்லையா?

— சொன்னேன். அந்தப் பேச்சித்தாய் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, எம் பிள்ளை ரிசல்ட்டு ஏன் மறுநாள் வந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, மேல கிளவுட்ல மாட்டிக்கிடுச்சுன்னேன். கையையும் காட்டினேன். அவளும் நிமிந்து பாத்தா.

— வானத்தையா?

— பொறவு வேற எங்க பாக்க முடியும்? பாத்துட்டுப் போயிட்டா.

— உங்களுக்கு அசிங்கமாவே இல்லயா அண்ணாச்சி? கிளவுட்னா வானத்துல தொங்குத மூட்டையா? அடுத்தவன் கம்ப்யூட்டர். நமக்கு வாடகைக்கு விட்டிருக்கான். அது அன்னைக்குப் பூரா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்தான் சந்தனம் பூசிக்கிட்டு உறங்குச்சு.

— ஆயுதபூசைக்குச் சந்தனம் பூசாம சிமெண்டா பூசுவாவ?

— பூசுங்க, மாலை போடுங்க, பூசணிக்காய் சுத்துங்க. எதுக்கு அணைச்சிய?

— இது என்ன கேள்வி? பூசையில வச்ச சாமானை மறுநாள் நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கணும். எங்க அப்பா காலத்துல மைக்ராஸ்கோப்பையே வேட்டிய போட்டு மூடி வச்சிருவாரு. நாங்க அப்படியே பழகிட்டோம், கேட்டியா?

— கேட்டேன், கேட்டேன். இப்ப நீங்க கேளுங்க. காலையில அந்தப் பிள்ளை காய்ச்சலோட வந்து ரத்தம் குடுத்துச்சு. உங்க டெக்னீஷியன் மெஷின்ல வச்சிட்டு வீட்டுப் பூசைக்கு ஓடிட்டான். பிளேட்லெட் ஒண்ணுமே இல்லைன்னு மெஷின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிருச்சு. கம்ப்யூட்டர் அதை மேல அனுப்பணும். மேலேருந்து அம்மா போனுக்கும் டாக்டர் போனுக்கும் மெசேஜ் போகணும். அனுப்புததுக்குள்ள நீங்க வயரைப் பிடுங்கிட்டு, கீபோர்டு மேல பொரிகடலையக் கொட்டிட்டு, சூடம் காட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டிய.

— பொரிய நான் தட்டுலதான் வச்சேன்.

— இது ரொம்ப முக்கியம் இப்ப.

— சரி, எடுத்தெறிஞ்சு பேசாத. நான் உன்னக் கூப்பிட்டது சண்டைக்கு இல்ல. நீ ஒரு எட்டு என்கூட வந்து அவ வீட்டுல அதையே சொல்லிரு. நீ எஞ்சினியரு. நடுநடுவுல நாலு இங்கிலீஷ் வார்த்தை போடு. அவ கொழுந்தன் ஒருத்தன் வக்கீலப் பாக்கப் போறேன்னு திரியுதான். நீ சொன்னா அடங்கிருவான்.

— பொய் சொல்லதுக்கா எங்க அப்பா என்னப் படிக்க வச்சாரு?

— உங்க அப்பா ஞானரத்தினம் யாரு ஷெட்டுல தறி ஓட்டுதாரு?

— உங்க மச்சான் ஷெட்டுல. சொல்லிட்டியளா? இன்னும் என்னெல்லாம் வச்சிருக்கிய, எல்லாத்தையும் மேசையில எடுத்து வைங்க.

— மிரட்டல மக்கா. ஊரு எப்படிப் பேசும்னு சொல்லுதேன். பூசைக்கு அணைச்சதாலதான் பிள்ளை செத்துச்சுன்னு நீ சொன்னேன்னு வையி. ‘வேதக்காரப் புள்ள நம்ம பூசையக் குத்தம் சொல்லுதா’ன்னு ஒரே நாள்ல கதை மாறிரும். பொறவு எந்தக் கடையில உன்ன உள்ள விடுவான்? நீ மெஷின் பாக்குத கடையில முக்காவாசி எங்க சங்கத்துக் கடை.

— நான் பூசையக் குத்தம் சொல்லவே இல்ல! போன வருசம் என் லேப்டாப்புக்கு நீங்க பொட்டு வச்சிய. நான் தொடச்சனா? சர்ச்சுக்கு அப்படியேதான் தூக்கிட்டுப் போனேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ரிசல்ட்டப் போன்ல கூப்பிட்டுச் சொல்லுத மாலாக்காவ வேலையிலேருந்து ஏன் நிறுத்துனிய?

— மாலாவ இங்க எதுக்கு இழுக்க?

— மாலாக்கா இருந்தா கம்ப்யூட்டர் அணைஞ்சா என்ன, ஊரே அணைஞ்சா என்ன? மெஷின் அடிச்சுப் போடுத துண்டுச்சீட்டப் பாத்துட்டு, சொந்தக் காசுல போன் போட்டு, ‘எக்கா, பிள்ளையத் தூக்கிட்டு ஓடு’ன்னு சொல்லியிருக்கும்.

— அப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? இந்தச் சிஸ்டத்த என்ட்ட விக்கும்போது நீ என்ன சொன்ன?

— எல்லாம் தானாப் போகும்னு சொன்னேன்.

— அதுக்கு முந்தி.

— அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி?

— ‘போன் பண்ணன்னு ஒரு ஆளு தேவையில்ல அண்ணாச்சி’ன்னு சொன்னியா, இல்லையா? இதே நாற்காலில உக்காந்து சொன்ன. டீ குடிச்சிட்டே சொன்ன.

— சொன்னேன்.

— ஆங். இப்ப என்னட்டி சத்தம் அது, உன் போன்ல டிங் டிங்னு? அப்பப் புடிச்சு அடிக்கி.

— கடையநல்லூர் பீர் மைதீன் பாய் ஜவுளிக்கடை. கரண்ட் போயிருக்கும். மெஷின் நின்னுட்டுன்னு சொல்லுது.

— அதை அமத்தி வையி. சாவு வீட்டுக்குப் போறோம்.

— நான் இன்னும் வாரேன்னு சொல்லல.

— வருவியா, மாட்டியா?

— வாரேன். ஆனா நான் என்ன சொல்லுவேன்னு நீங்க சொல்லக்கூடாது.

— சொல்லு, சொல்லு. உங்க அப்பாவ நெனச்சுக்கிட்டுச் சொல்லு. ஏறு வண்டியில.

— ரயில்வே கேட் அடைச்சிருக்கு. சுத்திப் போங்க அண்ணாச்சி.

— தெரியும், தெரியும். மறுபடியும் அடிக்கி பாரு. அந்தச் சனியனத்தான் கொஞ்சம் அமத்தேன்ட்டி!

— அமத்த மாட்டேன்.

— ஒரு மணி நேரம் அமத்தினா உன் கிளவுட் என்ன கீழயா விழுந்துரும்?

— அமத்த மாட்டேன்னு சொல்லுதேம்லா! ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

— என்னட்டி, அழுதியா?

— தூசி. அந்தா, பந்தல் பிரிக்காம கெடக்கு பாருங்க, அந்த வீடுதான? இங்கனயே நிறுத்துங்க.

— வாங்க அண்ணாச்சி. பாய் கெடக்கு, உக்காருங்க. இது யாரு? உங்க மகளா?

— இல்ல பேச்சித்தாய். இது ஜாய்லின். நம்ம லேபுக்குக் கம்ப்யூட்டர் பாக்குத புள்ள. அன்னைக்கு நீ கேட்டேல்லா, அதை வெவரமாச் சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். மக்கா, அந்த சர்வர்...

— கிளவுட்ல ஒண்ணும் மாட்டல அக்கா. அண்ணாச்சி சொன்னது பொய்.

— ஏட்டி!

— லேபுல கம்ப்யூட்டரப் பூசைக்கு அணைச்சிட்டாவ. உங்க பிள்ளையோட ரிசல்ட்டு அதுக்குள்ளயே கெடந்துச்சு. மறுநாள் நல்ல நேரத்துல தொறந்த பொறவுதான் மெசேஜ் வந்துச்சு.

— பேச்சித்தாய், அவ படிச்ச திமிருல பேசுதா. பூசைன்னா அவுகளுக்கு எளக்காரம், கேட்டியா?

— இருங்க அண்ணாச்சி. பூசைய யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் அன்னைக்கு என் தையல் மிஷினுக்குப் பொட்டு வச்சேன். எம் பிள்ளை கோமதி புத்தகத்தையும் பக்கத்துல அடுக்குனேன். காய்ச்சலோட படுத்துக்கிட்டே கும்பிட்டா. கணக்குப் புத்தகத்த மட்டும் அடியில வையும்மான்னு சிரிச்சா.

— அக்கா...

— நீ நில்லும்மா, எனக்கு ஒண்ணு கேக்கணும். லேபுச் சுவத்துல ஒரு போர்டு இருக்கு. ‘ஆபத்தான முடிவு என்றால் உடனே உங்கள் கைபேசிக்கு வரும், அலைய வேண்டாம்’னு எழுதியிருக்கு. அது நெசந்தான?

— நெசந்தான். நான்தான் எழுதினேன்.

— அதைத்தான் நான் நம்புனேன். சத்தத்த முழுசாக் கூட்டி வச்சு, போன மடியிலயே வச்சிட்டு உக்காந்திருந்தேன். அடிக்கவே இல்ல. எதுத்த வீட்டு ஷிரின் பானு வந்து, ஒரு எட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா மதினின்னா. நான்தான் சொன்னேன், ஆபத்துன்னா இந்நேரம் அடிச்சிருக்கும், அடிக்கல, பயமில்லன்னு.

— நாங்க எல்லாருமே அப்படித்தான பேச்சித்தாய் நெனச்சோம்...

— நீங்க எங்க நெனச்சிய, வீட்டுல இலை போட்டு உக்காந்திருப்பிய. ராத்திரி மூக்குல ரத்தம் வந்துச்சும்மா. அப்பவும் போனத்தான் எடுத்துப் பாத்தேன். ஆட்டோல வச்சுக்கிட்டுப் போகும்போதே கையி குளுந்துட்டு. மறுநாள் எம் பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம், அப்ப அடிச்சுது. கூட்டி வச்ச சத்தம், தெருவே திரும்பிப் பாத்துச்சு. ‘உடனே மருத்துவரை அணுகவும்’.

— பேச்சித்தாய், கால்ல வேணும்னாலும் விழுதேன்.

— எந்திரிங்க. யாரு கால்ல விழுந்தா எனக்கென்ன? எனக்கு ஒண்ணே ஒண்ணு வெளங்கல. அதை மட்டும் இந்தப் பொண்ணு சொல்லட்டும். ஏம்மா, நீ படிச்சவ. இம்புட்டு பெருசாச் செஞ்சு வச்சிருக்கிய. மெஷின ஒருத்தர் அணைச்சா, அணைஞ்சு கெடக்குன்னு ஒருத்தருக்குமே தெரியாதா?

— தெரியும் அக்கா.

— என்னட்டி சொல்லுத? யாருக்குத் தெரியும்? எனக்கு ஒண்ணும் வரலையே.

— உங்களுக்கு வராது அண்ணாச்சி. நின்ன ஒடனே ஒரே ஒரு போனுக்கு மணி அடிக்கும். அவுக உங்களுக்குப் போன் போட்டு, தொறங்கன்னு சொல்லணும். அப்படித்தான் வச்சிருக்கு.

— அப்ப அந்த ஆளு என்னத்தப் பண்ணுனான்? ஏன் எனக்குச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பூசையாவது ஒண்ணாவது, நான் ஓடி வந்து தொறந்திருப்பேன்லா! யாருட்டி அது?

— சொல்லும்மா. யாரு போனு அது?

— என் போனுதான் அக்கா. ஆயுதபூசையன்னைக்கு எல்லாக் கடையிலயும் அணைப்பாவ, விடாம அடிச்சுக்கிட்டே கெடக்கும்; ஒரு நாளாவது நிம்மதியா உறங்குவோம்னு காலையிலயே சத்தத்த அமத்தி வச்சிட்டேன்.