இருபத்து மூன்றாம் எண்

அக்கா: ...அதான் கேக்கறேன், பட்டனை அமுக்கினியா, தடவிக் குடுத்தியா?

தங்கை: அமுக்கினேன்க்கா. அஞ்சாவது மாடி. லைட்டுகூட எரிஞ்சுது. அப்புறம் ஒரு குலுக்கு... நின்னுடுச்சு.

அக்கா: எங்க நிக்குது?

தங்கை: நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. பாரு, கிரில் கதவுக்கு வெளிய சுவர்தான் தெரியுது. மேல ஒரு சாண் இடைவெளி. அஞ்சாவது மாடி தரை. யாரோட செருப்போ போகுது.

அக்கா: நல்லா இருக்குடி. பதினோரு வருஷமா ஊர்ல இருக்கற லிஃப்ட்டை எல்லாம் ரிப்பேர் பண்றேன். தங்கச்சியைக் காலேஜ்ல சேக்கலாம்னு ஒரே ஒரு நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட துணியோட வந்தா...

தங்கை: மெக்கானிக்கே உள்ள.

அக்கா: கைல ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்ல. கைப்பைல என்ன இருக்குன்னு பாக்கறேன். சீப்பு. ரெண்டு ஊக்கு. உன்னோட பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ எட்டு.

தங்கை: ஃபோட்டோவைக் காட்டினா லிஃப்ட் பயந்து ஓடும்.

அக்கா: சரி, கத்திக் கூப்பிடு. மேலதான் ஆளுங்க நிக்கறாங்களே.

தங்கை: வேணாம்க்கா!

அக்கா: ஏன்?

தங்கை: யாரு மாட்டிக்கிட்டதுன்னு கேப்பாங்க. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேப்பாங்க. நீ லிஃப்ட் மெக்கானிக்னு சொல்லுவியா?

அக்கா: ...கொஞ்ச நேரம் பாப்போம்.

தங்கை: அதான். மணி இன்னும் பத்து ஆகல. பத்துக்குத்தான் நம்பர் கூப்பிடுவாங்க.

அக்கா: நீ என்ன அந்தக் கதவுல சாஞ்சுட்டு நிக்கறே? வா, இப்படி உக்காரு.

தங்கை: பரவால்ல. நின்னாத்தான் காத்து வருது.

அக்கா: நான் உக்காந்துட்டேன். அஞ்சு நிமிஷம் இஸ்திரி தாங்கிச்சு, அது போதும். சரி, உன் நிலவரத்தைச் சொல்லு. நேத்து ராத்திரி அப்பாகிட்ட என்னமோ கணக்குப் போட்டுக் காமிச்சியே, அவர் தலையை ஆட்டினாரே.

தங்கை: அவருக்குப் புரியல. ஆட்டினார்.

அக்கா: எனக்கு ஆட்டத் தெரியாது. புரியற மாதிரி சொல்லு.

தங்கை: பன்னெண்டாவதுல அம்பத்தெட்டு சதவீதம். நுழைவுத் தேர்வுல நூத்துக்கு நாப்பத்தொன்னு. கணக்குல மட்டும் அம்பத்திரெண்டு. இதை வெச்சுக்கிட்டு நான் கேட்டிருக்கறது புள்ளியியல்.

அக்கா: புள்ளியியல்னா?

தங்கை: எது நடக்க எவ்வளவு வாய்ப்பிருக்குன்னு கணக்குப் போடற படிப்பு. எனக்குக் கிடைக்க வாய்ப்பில்லைன்னு கண்டுபிடிக்கற அளவுக்கு ஏற்கெனவே தெரியும். அதுக்கு மேல படிக்கத்தான் வந்திருக்கேன்.

அக்கா: அப்ப எதுக்குடி கூப்பிட்டாங்க?

தங்கை: காலியா இருக்கறது ஆறு இடம். காத்திருக்கறவங்க பட்டியல்ல பதினொன்னாம் நம்பர்ல இருந்து கூப்பிடறாங்க. நம்பரைச் சொல்லும்போது எதிர்ல நிக்கறவங்களுக்கு இடம். இல்லாதவங்க போச்சு. நான் இருபத்து மூனு.

அக்கா: உனக்கு முன்னாடி பன்னெண்டு பேரு.

தங்கை: அதுல ஏழு பேர் வராம இருக்கணும். ஆறு பேர் வராட்டி பத்தாது. ஏழு.

அக்கா: வரமாட்டாங்க. நல்ல மார்க் வாங்கினவங்க வேற எங்கயாவது சேந்திருப்பாங்க.

தங்கை: என் முன்னாடி இருக்கற பன்னெண்டு பேரும் நல்ல மார்க் இல்லக்கா. நாப்பத்தொன்னுக்கும் நாப்பத்தி நாலுக்கும் நடுவுல நசுங்கிக் கிடக்கறவங்க. எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. தவழ்ந்தாவது வந்துடுவாங்க.

அக்கா: அம்பத்தெட்டு ஒன்னும் மோசம் இல்லடி. நான் அம்பத்தி நாலு.

தங்கை: தெரியும். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா அறிமுகம் பண்ணும்போது அதையும் சேத்துத்தான சொல்லுது.

அக்கா: நாலு மார்க் ஜாஸ்தி வாங்கிட்ட. நம்ம குடும்பத்தோட முதல் ரேங்க் நீதான்.

தங்கை: உனக்கு இந்தக் காலேஜ்ல இடம் இல்லைன்னதுல இருந்து அப்பா இந்தத் தெருவுல கால் வைக்கறதில்ல. நான் அப்ப ஒன்னாங்கிளாஸ். இன்னும் நெனைப்பிருக்கு, பஸ் இந்தப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடியே என்னை இறக்கி, வெயில்ல சுத்து வழியா நடத்திக் கூட்டிட்டுப் போவார். "என் பொண்ணை வேணாம்னவன் வாசலை நான் ஏன் பாக்கணும்"னு.

அக்கா: ...அவருக்கு வீம்பு ஜாஸ்தி.

தங்கை: இன்னிக்குக்கூட ரெண்டு தெரு தள்ளித்தான் நிக்கறார். டீக்கடைல.

அக்கா: உஷ்... இரு. கூப்பிடறாங்க போல.

எழுத்தர்: எல்லாரும் அமைதியா இருங்க! நம்பரை மூனு தடவை சொல்லுவேன். இருக்கறவங்க சத்தமாச் சொல்லணும். பதினொன்னு!... வாம்மா, உள்ள போ. பன்னெண்டு!... நீயா? போ.

தங்கை: அவ்வளவுதான். முதல் ரெண்டு பேருமே வந்தாச்சு.

அக்கா: பொறுடி.

எழுத்தர்: பதிமூனு!... பதிமூனு!... பதிமூனு!... வரல. பதினாலு!... பதினாலு!... பதினாலு! வரல.

அக்கா: பாத்தியா? ரெண்டு.

தங்கை: இன்னும் அஞ்சு பேர் வரக்கூடாது. யாரோ ரெண்டு பேரோட அம்மா அப்பா அழுதுட்டிருப்பாங்க, நான் விரல் மடக்கிட்டிருக்கேன். என்ன ஜென்மம் நானு.

அக்கா: எங்கயாவது நல்லாத்தான் இருப்பாங்க. மடக்கு.

எழுத்தர்: பதினஞ்சு!... வேகமா வாப்பா. பதினாறு!... பதினாறு!... பதினாறு! வரல. பதினேழு!... பதினேழு!... பதினேழு! வரல. பதினெட்டு!

தங்கை: ...என்னக்கா ஒரு மாதிரி ஆயிட்ட?

அக்கா: ஒன்னுமில்ல. பதினெட்டு வந்துட்டாங்களான்னு கேக்கறேன்.

எழுத்தர்: பதினெட்டு! கையைத் தூக்கினாப் பத்தாது, வாயைத் திறந்து சொல்லணும். சரி, போ.

அக்கா: வந்துட்டாங்க. நல்லது.

தங்கை: என்ன நல்லது? நமக்கு அது கெட்டது! வந்தவங்க நாலு. வராதவங்க நாலு. இன்னும் ரெண்டே இடம்.

அக்கா: இன்னும் மூனு பேர் வராட்டி உனக்கு.

தங்கை: பத்தொன்பது, இருபது, இருபத்தொன்னு, இருபத்திரெண்டு. நாலு பேர்ல மூனு பேர். நடக்கவே நடக்காது. விடு. வீட்டுக்குப் போயி லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்.

அக்கா: ம்.

தங்கை: மார்க் பத்தலைன்னு சொல்றதுக்கு இது தேவலாம்ல? யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இரும்பு, வயரு... அதுமேல பழி.

அக்கா: நல்லாத்தான் யோசிச்சிருக்க.

எழுத்தர்: பத்தொன்பது!... பத்தொன்பது!... பத்தொன்பது! வரல. இருபது!... இருபது!... இருபது!... வரல.

தங்கை: அக்கா...

அக்கா: கேக்குது.

எழுத்தர்: இருபத்தொன்னு!... வா, வா, பையைத் தூக்கிட்டு வா.

தங்கை: அஞ்சு பேர் ஆச்சு. ஒரே இடம். இருபத்திரெண்டு கண்டிப்பா வந்திருக்கும். வரிசைல எனக்கு முன்னாடி இருக்கறவங்க எப்பவும் வந்துடுவாங்க. ரேஷன் கடைல இருந்து இதான்.

அக்கா: ஒன்னு கேக்கட்டுமா?

தங்கை: என்ன?

அக்கா: அந்தக் கதவுல இருந்து முதுகை எடேன்.

தங்கை: ...ஏன்?

அக்கா: விசிறி ஓடுது. லைட் எரியுது. மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. கதவு ரெண்டு விரல் விலகியிருக்கு. இந்த மாதிரி பழைய லிஃப்ட்ல கதவு விலகினா நின்னுடும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

தங்கை: ...நீதான். ஆறாவது படிக்கும்போது. நீ வேலை பாத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போயி.

அக்கா: என் வாயைத் தைக்கணும்.

தங்கை: எப்பத் தெரியும் உனக்கு?

அக்கா: நின்னவுடனே.

தங்கை: அப்ப இவ்வளவு நேரமும்... கைப்பைல ஸ்க்ரூடிரைவர் தேடினது?

அக்கா: நடிப்பு. நல்லா இல்லியா?

தங்கை: ரொம்ப கேவலமா இருந்துச்சு. சீப்பை எடுத்து ஏதோ யோசிச்ச பாரு, நானே நம்பிட்டேன். ஏன்க்கா ஒன்னும் சொல்லல?

அக்கா: காலு வலிச்சுது. உக்காந்துட்டேன்.

தங்கை: திட்டு.

அக்கா: எதுக்கு?

தங்கை: திட்டேன். நான் இங்க நின்னுட்டு என்ன நெனைச்சேன் தெரியுமா? இடம் கிடைக்கலைன்னா நம்ம வீட்ல எல்லாருக்கும் பழக்கம். அம்மா ரெண்டு நாள் பேசாது, அப்பா இன்னொரு தெருவைத் தள்ளி வெப்பார், முடிஞ்சுது. கிடைச்சுட்டா? உள்ள போயி, எழுபது பேருக்கு நடுவுல உக்காந்து, முதல் பரிட்சைலயே தெரிஞ்சுடும் நாப்பத்தொன்னுன்னா என்னன்னு. அதுக்கு எந்த லிஃப்ட் மேல பழி போடறது?

எழுத்தர்: இருபத்திரெண்டு!

அக்கா: உஷ்.

எழுத்தர்: இருபத்திரெண்டு!... இருபத்திரெண்டு! கடைசியாக் கேக்கறேன், இருக்கீங்களா?... வரல. இருபத்து மூனு!

தங்கை: ஏழு பேர்... ஏழு பேர் வரலக்கா.

அக்கா: ம்.

தங்கை: நீ சொல்லேன். நீ குரல் குடு.

அக்கா: என் நம்பர் இல்லடி.

எழுத்தர்: இருபத்து மூனு!

தங்கை: அக்கா, பயமா இருக்கு.

அக்கா: எனக்கும்தான்.

தங்கை: உனக்கு எதுக்கு?

எழுத்தர்: இருபத்து மூ...

தங்கை: இருக்கேன்! சார்! இருக்கேன் சார், இருபத்து மூனு! கீழ... லிஃப்ட்ல இருக்கேன்!

எழுத்தர்: லிஃப்ட்ல என்னம்மா பண்றே?

தங்கை: வந்துட்டே இருக்கேன் சார்!

எழுத்தர்: மாட்டிக்கிட்டியா? அசையாம இரு, மெக்கானிக்குக்கு ஃபோன் பண்றேன்.

அக்கா: வேணாம் சார்! மெக்கானிக் உள்ளதான் இருக்கேன்!

எழுத்தர்: அட, அதுக்குள்ள வந்துட்டாங்களா?

அக்கா: கதவை இழுத்துச் சாத்துடி. நல்லா... டக்குனு சத்தம் வரணும். அஞ்சை அமுக்கு. தடவாத!

தங்கை: ஏறுது... ஏறுதுக்கா...

அக்கா: ஃபைலை நேராப் பிடி. துப்பட்டா மாட்டுது பாரு. போ!

எழுத்தர்: நீதானா? கடைசி இடம்மா இது. இன்னொரு தடவை மூச்சு விட்டிருந்தா இருபத்து நாலுக்குப் போயிருப்பேன். விண்ணப்பத்தைக் காட்டு... இது கொஞ்சம் குறையுதேம்மா.

தங்கை: தெரியும் சார். நாப்பத்தொன்னுதான். கணக்குல அம்பத்திரெண்டு. நுழைவுத் தேர்வு அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லலாம், ஆனா காய்ச்சல் இல்ல...

எழுத்தர்: கையெழுத்து குறையுதுன்னேன்.

தங்கை: ...ஓ.

எழுத்தர்: இங்க போடு. உள்ள அஞ்சு நிமிஷம் பேசுவாங்க, பயப்படாத. கூட வந்தவங்க வெளியவே இருங்க. லிஃப்ட்ல என்னங்க பழுது?

அக்கா: கதவு சரியாச் சாத்தல சார். இப்ப சரியாயிடுச்சு.

.  .  .

தங்கை: அக்கா! இங்கயா இருக்க? வராண்டா பூரா தேடினேன். படில வந்து உக்காந்துட்டிருக்க!

அக்கா: என்ன ஆச்சு?

தங்கை: திங்கக்கிழமைல இருந்து வகுப்பு. முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க, பாரு! எதுக்குப் புள்ளியியல்னு ஒரு அம்மா கேட்டாங்க. எனக்கு இடம் கிடைக்காதுன்னு தப்பாக் கணக்குப் போட்டுட்டேன், எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கணும்னேன். நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. ஏன் கண்ணைத் துடைக்கற?

அக்கா: தூசி. இந்தப் படியை எல்லாம் யாரு பெருக்கறாங்க.

தங்கை: சரி வா, அப்பாவைப் போயி இழுத்துட்டு வரலாம். இன்னிக்கு அவரை இந்தத் தெரு வழியாத்தான் நடத்திக் கூட்டிட்டுப் போவேன். உன்னை வேணாம்னாங்க, என்னை எடுத்துக்கிட்டாங்க. நேராயிடுச்சுன்னு சொல்லுவேன்.

அக்கா: அப்படிச் சொல்லாத.

தங்கை: ஏன்? பன்னெண்டு வருஷ வீம்புக்கா. இன்னியோட விடட்டுமே.

அக்கா: அவரை நானே கூட்டிட்டு வரேன். அவர்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு.

தங்கை: என்னது?

அக்கா: அவங்க என்னை வேணாம்னு சொல்லலடி. அன்னிக்கு லிஃப்ட் நிஜமாவே ஓடல. நடந்து வந்தேன். இதே படில உக்காந்துட்டேன். என் நம்பர் பதினெட்டு... மூனு தடவை கூப்பிட்டாங்க. மூனும் நல்லாக் கேட்டுச்சு.