இணைச்சீர் வீடியோவின் இரண்டு துண்டுகள்

சோமனூரில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் ஓர் அம்மாள், கேமராப் பையை மடியில் வைத்திருந்த இளம்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மணி, கல்யாணத்துல என்ற தம்பி பாதியிலயே நின்னுபோயிட்டானுங்க.”

“எங்கீங்கக்கா?”

“மாப்பிள்ளையா நிக்கற அவனுக்கு அக்காக்காரி நான் இணைச்சீர்ச் சடங்கு செய்யறேனே, அங்க. வீடியோ அத்தோட முடிஞ்சுபோச்சு.”

“கேமராவே ரெண்டு ஃபைலாப் பிரிச்சுபோட்டுதுங்க. மிச்சம் அடுத்ததுல இருக்குது.”

“ரெண்டையும் போன்ல ஒரு ஆப்ல ஒட்டிப் பார்த்தனுங்க. என்ற மூஞ்சியே கலங்கிப்போச்சு.”

“அந்த ஆப் எல்லாத்தையும் மறுபடி சுருக்கிப்போடுமுங்க. ரெண்டும் ஒரே கேமரா, ஒரே செட்டிங். நான் சுருக்காம அப்படியே ஒட்டித் தாரேன். துளி தரம் கொறையாது.”

“சத்தமுங்களா?”

“சத்தமுந்தானுங்க. நீங்க தம்பி காதுல குசுகுசுன்னு பேசுனதுகூடத் தெளிவாக் கேக்கும்.”

அந்த அம்மாள் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணூட்டுச் சாப்பாட்டுல உப்பே இல்லைன்னு சொன்னனுங்க. தம்பி பொண்டாட்டியும் பார்ப்பாளே!”

இளம்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மாள் அவள் பக்கம் குனிந்தார்.

“அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் தரம் கொறைஞ்சாப் பரவாயில்லீங்க கண்ணு.”